சுவிஸ் மலைப்பாதையில் காதுக்குள் ஒரு வழிகாட்டி: அம்மாவோடு போகிறேன், யோசனை சொல்லுங்கள்

கோவைப் பாதசாரி | மே 11, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை இரண்டாம் வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போகிறேன். பத்து நாள். விசா கைக்கு வந்துவிட்டது. குழுச் சுற்றுலாவில் போக அம்மாவுக்கு இஷ்டமில்லை. "இறங்கு, போட்டோ எடு, ஏறுன்னு ஒருத்தன் விரட்டறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்?" என்கிறார். அம்மாவுக்கு வயது 63. தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடப்பவர். மருதமலைப் படிகளை என்னைவிட வேகமாக ஏறுவார். செடி கொடி என்றால் உயிர்.

தனியாக நடப்பவர்களுக்கு அங்கே ஆடியோ வழிகாட்டி இருக்கிறது என்று படித்தேன். போனில் இறக்கி வைத்துக்கொண்டால், பாதையில் குறிப்பிட்ட இடம் வந்ததும் தானாகப் பேச ஆரம்பிக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலைக்குள் நெட்வொர்க் கிடைக்குமா, உண்மையிலேயே சரியான இடத்தில் பேசுமா என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான். தமிழில் ஏதாவது உண்டா? 63 வயதுக்காரர் ஒருவர் பயப்படாமல் நடக்கக்கூடிய பாதைகள் எவை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில் கிறுக்கன் | மே 11, இரவு 10:20

நெட்வொர்க் கவலையை முதலில் விடுங்கள். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்வது மட்டும்தான், அதற்கு இணையம் வேண்டாம். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். ஹோட்டல் வைஃபையில் வரைபடத்தையும் ஆடியோவையும் இறக்கிக்கொண்டு கிளம்பினால் போதும். சுவிஸ் அரசின் நிலஅளவைத் துறைக்கே ஸ்விஸ்டோப்போ என்று ஒரு செயலி இருக்கிறது. இலவசம், வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம், நடைபாதைகள் எல்லாம் வரைந்திருக்கும். ஆடியோவுக்கு இஸி டிராவல் மாதிரி தளங்கள் உண்டு.

ஆனால் ஒன்று. குறுகலான பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை நின்றால் ஜிபிஎஸ் தடுமாறும். லாட்டர்புருன்னனில் எனக்கு அருவியைப் பற்றிய ஆடியோ பேருந்து நிறுத்தத்திலேயே பேசி முடித்துவிட்டது.

பாதையைப் பற்றி ஒரு யோசனை. க்ரூட்ச்சால்ப் என்ற இடத்திலிருந்து ம்யூரன் வரை நடங்கள். மலை விளிம்பில் சின்ன ரயில் ஓடுகிறது, அதை ஒட்டியே பாதை. ஏற்றம் குறைவு. எதிரே ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். நடுவில் விண்டரெக் என்று ஒரு நிலையம். அம்மாவுக்குக் களைப்பாக இருந்தால் அங்கே ரயில் ஏறிவிடலாம். பாதியில் கைவிட வழி உள்ள பாதைதான் வயதானவர்களோடு போகும்போது நல்ல பாதை என்பது என் கட்சி.

சும்மா நடப்பவர் | மே 12, காலை 6:15

காலையிலேயே மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்கவும். ஆல்ப்ஸ் மலைக்குப் போய்க் காதை அடைத்துக்கொண்டு நடப்பதா? அதற்குக் கோவையிலேயே மொட்டை மாடியில் நடக்கலாமே.

என் அனுபவம் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் வாலே மாநிலத்தில் ஒரு காட்டுப் பாதை. இரண்டு காதிலும் இயர்போன். பனியுகத்தைப் பற்றி ஒருவர் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்திருக்கிறார், கத்தியிருக்கிறார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்மேல் மோதாமல் இருக்க அவர் புதருக்குள் போய் விழுந்தார். முழங்கை முழுக்க ரத்தம். அவர் திட்டியது ஜெர்மன் மொழியில், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அன்றோடு அதைத் தூக்கிப் போட்டேன்.

மலையில் காது என்பது கண்ணுக்கு மேல். மேலிருந்து கல் உருண்டு வந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். மந்தைக் காவல் நாய் குரைத்தால் நின்று, மெதுவாகச் சுற்றிப் போக வேண்டும். கன்றோடு நிற்கிற பசுவுக்குக் கிட்டே போகவே கூடாது. இதெல்லாம் இயர்போனுக்குள் கேட்காது.

முனிக் மணியன் | மே 12, மதியம் 1:05

சும்மா நடப்பவர் சொல்வதில் பாதி நியாயம். அதற்காக ஆடியோவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், அல்லது காதை மூடாமல் கன்ன எலும்பில் உட்காரும் ஹெட்போன் இருக்கிறதே, அதை வாங்குங்கள். தயவுசெய்து போனின் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அங்கே ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் பார்க்கிற பார்வையில் கூசிப்போய்விடும்.

கோவைக்காரருக்குத் தேவைப்படாது, ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை என்ற விதி அங்கே செல்லாது. சில நிறுவனங்கள் தங்கள் திட்டத்தில் சுவிஸையும் சேர்த்திருக்கும், சில சேர்த்திருக்காது. நான் பார்க்காமல் போய், மலை உச்சியில் உட்கார்ந்து ஒரு மணி நேர ஆடியோவை இறக்கினேன். பில் வந்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பேர்ண் வாசுகி | மே 12, இரவு 11:30

தம்பி கோவைப் பாதசாரி, நான் பேர்ணில் 24 வருடமாக இருக்கிறேன். இங்கே எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம், எண்பதுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் மலைப்பாதைக்குத் தமிழ் ஆடியோ ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இருக்கிறதெல்லாம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், கொஞ்சம் ஆங்கிலம். என்கடீன் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் ரோமான்ஷ் மொழியிலும் கிடைக்கும். அது 1938-ல் தேசிய மொழியாக ஏற்கப்பட்டது. அந்த மொழி கதைப்பவர்களும் கொஞ்சப் பேர்தான், ஆனால் அவர்களுக்குப் பலகை முதல் வானொலி வரை எல்லாம் உண்டு. அதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

என்னுடைய அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு நின்றார். அவருக்கு ஜெர்மனும் விளங்காது, ஆங்கிலமும் குறைவு. அப்போது நாங்கள் செய்தது இதுதான்: நானும் மகனும் ஒரு சனிக்கிழமை முன்னாலேயே போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு வீட்டில் இருந்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு நிமிடம் என்று தமிழில் பேசிப் பதிவு செய்தோம். போனில் இருக்கிற சாதாரண ஒலிப்பதிவுதான், ஒரு செலவும் இல்லை.

மகன் இங்கே பிறந்தவன், அவனுடைய தமிழ் பேர்ண் ராகத்தில்தான் வரும். ஒரு இடத்தில் பனியாற்றை, அதுதான் கிளேசியரை, "இந்தப் பணியாறு இருபது கிலோமீட்டர் நீளம்" என்று சொல்லிவிட்டான். அம்மா நடுப்பாதையில் நின்று, "இருபது கிலோமீட்டர் பணியாரமோ, யார் சுட்டது?" என்று சிரித்த சிரிப்பில் எதிரே வந்தவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஜிபிஎஸ் ஒன்றும் தேவையில்லை. இங்கே மஞ்சள் வழிப்பலகையில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதில் அந்த இடத்தின் பெயரும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் எழுதியிருக்கும். "ரீடர்ஃபுர்கா 2065" என்று கண்டால் மூன்றாம் பதிவைப் போடு என்று அம்மாவுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழையும் வரவில்லை.

கோவைப் பாதசாரி | மே 13, காலை 8:10

வாசுகி அக்கா, நன்றி. இதுதான் எனக்கு வேண்டியது! பலகையின் உயரத்தை வைத்துப் பதிவைப் போடுவது நமக்குத் தோன்றவே தோன்றாத யோசனை. நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள்? அலெட்ச் பக்கம் போலத் தெரிகிறதே?

பேர்ண் வாசுகி | மே 13, இரவு 10:05

ஓம், அலெட்ச்தான். ஆல்ப்ஸிலேயே நீளமான பனியாறு, 2001-லிருந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். மோரல் என்ற ஊரிலிருந்து கம்பி வண்டியில் ரீடரால்ப் ஏறினால், அங்கே கார் கிடையாது. அரை மணி நேரம் மெதுவாக ஏறினால் ரீடர்ஃபுர்கா. அங்கே வில்லா காசல் என்று வடிவான பழைய மாளிகை ஒன்று நிற்கும். இங்கிலாந்துப் பணக்காரர் எர்னஸ்ட் காசல் 1902-ல் கட்டியது. இப்போது இயற்கைப் பாதுகாப்பு மையம். இளவயது வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே வந்து நின்றிருக்கிறார். மாட்டு மணிச் சத்தத்தில் எழுத முடியவில்லை என்று அவர் குறைப்பட, மணிகளுக்குள் வைக்கோல் அடைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். என் பதிவில் அம்மாவுக்குப் பிடித்தது அதுதான். அதைக் கேட்டுவிட்டு மாடுகளைத் தேடித் தேடிப் பார்த்தார்.

மாளிகைக்குப் பின்னால் அலெட்ச் காடு தொடங்கும். 1933-லிருந்து காக்கப்பட்ட காடு. அதற்கு முன்னால் மரம் வெட்டியும் ஆடு மாடு மேய்த்தும் மொட்டையாகக் கிடந்ததாம்.

இன்னொரு கதையும் பதிவு செய்தேன். பனியாறு வளர்ந்து வளர்ந்து கீழே இருக்கிற ஊர்களுக்கு வெள்ளம் கொண்டு வந்தது. அதனால் 1678-ல் ஃபீஷ் ஊர்ச் சனம், பனியாறு வளரக்கூடாது என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார்கள், 1862-லிருந்து ஒவ்வொரு வருடமும் ஊர்வலமும் போனார்கள். முன்னூறு வருடத்துக்கு மேல் இப்படி வேண்டினார்கள். கடைசியில் பனியாறு கரையத் தொடங்கியதும், வேண்டுதலை மாற்றிச் சொல்ல வத்திக்கானிடம் அனுமதி கேட்டு, 2010-ல் வாங்கினார்கள். இப்போது "கரையாமல் இரு" என்று வேண்டுகிறார்கள். இதைக் கேட்டு அம்மா சிரிக்கவில்லை. "நேர்த்தியைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்ததே" என்றார்.

தாவரப் பித்தன் | மே 14, மாலை 5:50

அலெட்ச் காடு என்று வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பள்ளியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு முறை மகளைப் பார்க்க ஜெனீவா போனபோது அந்தக் காட்டில் நடந்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு ஆர்வை மரத்தைக் காட்டுங்கள். பைன் வகைதான், ஆனால் ஊசி இலை ஐந்து ஐந்தாகக் கொத்தாக இருக்கும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், தாவரப் பிரியர்களுக்கு அதில் ஒரு திருப்தி. இந்த மரத்தின் விதைக்குச் சிறகு கிடையாது, காற்றில் பறக்காது. பிறகு எப்படி மலை உச்சிப் பாறை இடுக்கில் எல்லாம் முளைக்கிறது? கொட்டை உடைக்கும் காக்கை இனப் பறவை ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது குளிர்காலத்துக்காக விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளித்து வைக்கும். பனி மூடினாலும் பெரும்பாலானவற்றைச் சரியாகத் தோண்டி எடுத்துவிடும். மறந்து போனவைதான் மரங்கள். ஒரு காலத்தில் இந்தப் பறவை விதையைத் தின்று காட்டை அழிக்கிறது என்று நினைத்துச் சுட்டார்கள். இன்று சுவிஸ் தேசியப் பூங்காவின் சின்னமே அதுதான்.

பூங்காவைச் சொன்னதால் இன்னொன்று. செர்னெட்ஸ் ஊருக்குப் பக்கத்தில், 1914 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. ஆல்ப்ஸிலேயே பழைய தேசியப் பூங்கா. பாதையை விட்டு ஓர் அடி விலகக்கூடாது, நாய்க்கு அனுமதி இல்லை, பூவைத் தொடக்கூடாது, விழுந்த கிளையைக்கூட எடுக்கக்கூடாது. ஆல்ப்ஸில் வேட்டையாடி ஒழித்த தாடிக் கழுகைத் திரும்பக் கொண்டு வந்து 1991 முதல் இங்கே விட்டார்கள். எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை.

ஆடியோ பற்றி என் கருத்து: செடியைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது அது தேன். செடியைத் தாண்டிப் போன பிறகு கேட்டால் அது வகுப்பறை.

சும்மா நடப்பவர் | மே 14, இரவு 9:00

பித்தன் ஐயா கடைசியில் சொன்னதுதான் நானும் சொல்வது. ஆனால் காசு கொடுத்து வாங்கும் ஆடியோக்களில் இது நடப்பதில்லை. பணம் கட்டி ஒரு நிறுவனத்தின் பனியாற்று நடையை வாங்கினேன், பெயர் வேண்டாம். "இதோ உங்கள் கண்முன்னே நீல நிறப் பனிச்சுவர்" என்று குரல் உருகியது. என் கண்முன்னே சரளைக் கல்லும் ஒரு குட்டையும்தான் இருந்தன. பனிச்சுவர் எப்போதோ பின்வாங்கிப் போயிருந்தது. 2022, 2023 இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் மொத்தக் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பதிவு செய்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டாமா?

அதோடு இன்னொரு கூத்து. அதில் ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்த இந்திய மொழி வடிவமும் இருந்தது. "ஆல்ப்" என்ற சொல்லை எல்லா இடத்திலும் "மலைச்சிகரம்" என்று போட்டிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆல்ப் என்றால் கோடையில் மாடு மேய்க்க ஏற்றிப் போகும் புல்வெளி. ஆகவே "மாடுகள் சிகரத்தில் மூன்று மாதம் தங்கி வெண்ணெய் எடுக்கும்" என்று கேட்க நேர்ந்தது.

ரயில் கிறுக்கன் | மே 14, இரவு 9:25

மாடுகளே வெண்ணெய் எடுத்தனவா 😄

அலெட்ச் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூஸ்ஃப்ளூ என்ற முகட்டுக்குக் கீழே உள்ள மலைச்சரிவு 2016-லிருந்து வேகமாக நகர்கிறது. தாங்கிப் பிடித்திருந்த பனி இல்லாமல் போனதுதான் காரணம். அந்தப் பக்கம் சில பாதைகளை மூடிவிட்டார்கள். பழைய ஆடியோவோ பழைய வரைபடமோ அதைச் சொல்லாது. பலகையில் "மூடியிருக்கிறது" என்று கண்டால் காதில் கேட்பதை நம்பாமல் பலகையை நம்புங்கள்.

பலகை நிறமும் சொல்லிவிடுகிறேன். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்றால் மலைப்பாதை: நல்ல ஷூ வேண்டும், தலைசுற்றல் இருக்கக்கூடாது. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் நமக்கு இல்லை, திரும்பிவிடுங்கள். அதில் போட்டிருக்கும் நேரம் ஓய்வு சேர்க்காத நேரம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று கணக்கு. நின்று நின்று ஆடியோ கேட்டால் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி பார்க்கும் அம்மாவோடு போனால் இரண்டு மடங்கு.

பேர்ண் வாசுகி | மே 15, காலை 7:40

சும்மா நடப்பவர் அண்ணா, உங்களுக்கு ஒரு நடை சொல்கிறேன், நீங்கள் இயர்போன் இல்லாமலேயே போகலாம். வாலே மாநிலத்தில் மழை குறைவு. அதனால் பல நூறு வருடத்துக்கு முன்பே பனியாற்றுத் தண்ணீரை மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு வந்தார்கள். பிரெஞ்சில் பிஸ், ஜெர்மனில் சுவோனன் என்று பெயர். சில இடத்தில் செங்குத்துப் பாறையில் மரத் தொட்டியைத் தொங்கவிட்டு அதற்குள் தண்ணீர் விட்டார்கள். வாய்க்காலைக் காவல் காப்பவர் நடக்கிற ஒற்றையடிப் பாதைதான் இப்போது எங்களுக்கு நடைபாதை. தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் பாதையும் கிட்டத்தட்டச் சமமாகவே போகும். வயதானவர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். சில பிஸ்களில் ஒரு பக்கம் பாதாளம். தலைசுற்றுகிறவர்கள் காட்டுக்குள் போகிறதைப் பார்த்துப் போங்கள்.

சில வாய்க்கால்களில் தண்ணீர்ச் சுத்தியல் இருக்கும். சின்ன நீர்ச்சக்கரம் சுற்ற, மரச் சுத்தியல் ஒன்று எழுந்து பலகையில் அடிக்கும். டொக், டொக் என்று நாள் முழுக்க. காவல்காரர் குடிசையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால் எங்கேயோ அடைப்பு, அல்லது உடைப்பு. உடனே எழும்பி ஓட வேண்டும். நினைத்துப் பாருங்கள், சத்தம் கேட்டால் தூக்கம், சத்தம் நின்றால் விழிப்பு. இந்தப் பாசன முறையை 2023-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள், வேறு ஆறு நாடுகளோடு சேர்த்து.

சும்மா நடப்பவர் | மே 15, காலை 8:02

அக்கா, இதற்குப் பதில் இல்லை. எங்கள் அப்பாவின் ஊரில் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ராத்திரியில் மடையில் தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வயலுக்குப் போகிறது என்று சொல்லிவிடுவாராம். அவரும் இந்த வாலே காவல்காரரும் சந்தித்திருந்தால் மொழி தேவைப்பட்டிருக்காது.

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும், நடக்கும்போது காதில் ஒன்றும் இருக்கக்கூடாது. இப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தாவரப் பித்தன் | மே 15, மாலை 6:30

ஒவ்வொரு பதிவின் கடைசி வரியும் "இப்போது நிறுத்திவிட்டு இதைக் கேள்" என்று முடியட்டும். மர்மோட் என்ற பெரிய மலை அணில் விசில் அடிக்கும். வானத்தில் கழுகைக் கண்டால் ஒரே நீண்ட விசில், தரையில் நரி வந்தால் அடுக்கடுக்காக விசில் என்று பொதுவாகச் சொல்வார்கள். விசில் கேட்டதும் அம்மா மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று தெரிந்து வைத்திருக்கட்டும்.

பேருந்தையும் விடாதீர்கள். மலைச்சாலை வளைவுகளில் மஞ்சள் தபால் பேருந்து மூன்று சுரத்தில் ஹார்ன் அடிக்கும். ரோசினி என்ற இசையமைப்பாளரின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த சுரங்கள். நம் ஊர்ப் பேருந்து ஹார்னில் சினிமாப் பாட்டு வரும் அல்லவா, அதற்கு அண்ணன்.

முனிக் மணியன் | மே 16, காலை 11:15

விபத்து விஷயத்தையும் பேசிவிடுவோம். எந்தப் போனிலிருந்தும் 112. மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு ரேகா, எண் 1414. வாலே மாநிலத்தில் மட்டும் 144. போன் செத்துப்போனால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதுவார். பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று கிளம்புமுன் படித்துப் பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், பவர் பேங்க்கைப் பையில் போடாமல் சட்டைக்குள் வையுங்கள்.

கோவைப் பாதசாரி | மே 18, இரவு 10:48

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திட்டம் இப்படி: க்ரூட்ச்சால்ப்–ம்யூரன் ஒரு நாள், ரீடர்ஃபுர்கா ஒரு நாள். மூன்றாவதாக என்கடீன் பக்கம் ஒன்று வேண்டும், பெர்னினா ரயிலில் போகிறோம். யாராவது யோசனை சொன்னால் மூன்றுக்கும் சேர்த்தே பதிவு செய்துவிடுவேன்.

ரயில் கிறுக்கன் | மே 18, இரவு 11:10

மோர்டராச்! வேறு யோசிக்கவே வேண்டாம்.

பொன்ட்ரெசினாவைத் தாண்டி மலைக்குள் நுழைந்ததும் வரும் சின்ன நிலையம், 1896 மீட்டர் உயரம். 1908-ல் ரயில் வந்தபோது பனியாற்றின் முனை நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பாதை அகலம், ஏற்றம் குறைவு. வழியில் வருடம் எழுதிய குறிகள் நட்டிருப்பார்கள்: இந்த வருடம் பனி இங்கே இருந்தது, அடுத்த குறி, இன்னொரு வருடம். 1878 முதல் அளந்து வருகிறார்கள், இதுவரை பின்வாங்கியது சுமார் மூன்று கிலோமீட்டர். அம்மா பிறந்த வருடத்துக்கும் உங்கள் வருடத்துக்கும் இடையே எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சிறப்பு ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் தண்டம். அதே பாதையில் சாதாரண ரயில் ஓடுகிறது, சில பெட்டிகளில் ஜன்னலையும் இறக்கலாம். சின்ன நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும், அறிவிப்பைக் கவனியுங்கள்.

தாவரப் பித்தன் | மே 19, காலை 6:40

அந்தப் பாதையைப் பனியிலிருந்து நிலையத்தை நோக்கி நடந்தால் ஒரு காடு பிறப்பதைப் பார்க்கலாம். பனி விட்டுப்போன இடத்தில் முதலில் வெறும் கல். அப்புறம் கல்லிடுக்கில் சின்னப் பூச்செடிகள், பிறகு குட்டை வில்லோ, பிறகு லார்ச் கன்றுகள், நிலையத்தை நெருங்கும்போது ஆர்வையும் லார்ச்சும் கலந்த காடு. ஆகவே போகும்போது ஆடியோ வேண்டாம், திரும்பும்போது போடுங்கள். இது என் கண்டிப்பான மருந்துச்சீட்டு.

பேர்ண் வாசுகி | மே 19, இரவு 10:20

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது, அதையும் பதிவு செய்யுங்கோ. பொன்ட்ரெசினாவில் பணக்கார வீட்டுப் பெண் அன்னெட்டா, ஏழை இடையன் அராட்ச். வீட்டார் சம்மதிக்கவில்லை. காசு தேடி அவன் படையில் சேரப் போனான். அவன் வரமுன்னர் அவள் ஏங்கிச் செத்துப்போனாள். திரும்பி வந்தவன் பனியாற்றுப் பக்கம் போய்க் காணாமல் போனான். அதற்குப் பிறகு அவள் ஆவி ஆல்ப் குடிசையில் இரவிரவாக "மோர்ட் அராட்ச்", அராட்ச் செத்துப்போனான், என்று புலம்பியதாம். அந்தக் குடிசையில் இருந்த வயதான இடையன் அவளை ஒன்றும் சொல்லவில்லை, மாடுகள் நன்றாகப் பால் தந்தன. புதிதாக வந்தவன் சபித்து விரட்டினான். அதோடு பனியாறு இறங்கி அந்த ஆல்ப்பையே மூடிவிட்டது.

கோவைப் பாதசாரி | ஜூலை 24, இரவு 9:15

வந்து சேர்ந்துவிட்டோம். உங்களுக்கு எழுதாமல் தூக்கம் வராது.

ம்யூரன் பாதையில் ஆடியோ தோல்வி. நான் பேசியது நீளம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். இரண்டாவது பதிவிலேயே அம்மா, "நீ பக்கத்துலதானே நடக்கற, நேராச் சொல்லேன்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். அன்று இரவே ஹோட்டலில் உட்கார்ந்து மற்றவற்றை இரண்டு நிமிடத்துக்கு வெட்டினேன்.

ரீடர்ஃபுர்காவில் பலகை யோசனை அருமையாக வேலை செய்தது. அம்மா எனக்கு முன்னால் தனியாக நடந்தார், பலகை கண்ட இடத்தில் நின்று, தாளைப் பார்த்து, அவராகவே போட்டுக்கொண்டார். ஊசி இலையை எண்ணினார், ஐந்துதான். மர்மோட் விசில் கேட்டதும் உடனே மேலே பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒருவர் நாயோடு வந்துகொண்டிருந்தார்.

மோர்டராச்சில் மழைத்தூறல். பித்தன் ஐயாவின் மருந்துச்சீட்டுப்படி போகும்போது ஒன்றும் போடவில்லை. அம்மா பிறந்த வருடத்துக்குப் பக்கத்துக் குறியில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அங்கிருந்து பனி எங்கே என்று கேட்டார். கை நீட்டினேன், மேகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. திரும்பும்போது அன்னெட்டா கதையைப் போட்டேன். கேட்டு முடித்து, "அந்தப் பொண்ணோட அப்பனைத்தான் பனி மொதல்ல மூடியிருக்கணும்" என்றார். பிறகு போனை வாங்கி, அவர் குரலில் கதையைத் திரும்பச் சொல்லிப் பதிவு செய்தார். அவர் சொன்ன கதையில் அராட்ச் சாகவில்லை, மாடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

பித்தன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பனிக்குப் பக்கத்துச் சரளைக் கல்லில், ஒரு மண்ணும் இல்லாத இடத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. இளஞ்சிவப்புப் பூ, அகலமாக நாலு இதழ், இதழுக்கு நடுவே கருஞ்சிவப்பில் ஒல்லியாக நாலு. என்ன அது?

தாவரப் பித்தன் | ஜூலை 25, காலை 5:55

எபிலோபியம் ஃப்ளைஷரி. பனி விட்டதும் முதலில் குடியேறும் கூட்டத்தில் ஒன்று. விதையில் பஞ்சு இருக்கும், காற்றில் வரும். ஒல்லியாக நாலு என்றது புல்லி இதழ். அம்மா நன்றாகப் பார்த்திருக்கிறார்.

சும்மா நடப்பவர் | ஜூலை 25, காலை 6:20

அடுத்த வருடம் நானும் மனைவியும் மோர்டராச் போகலாம் என்றிருக்கிறோம். அந்தப் பதிவுகளை அனுப்ப முடியுமா? அம்மாவுடையதும் வேண்டும்.

கோவைப் பாதசாரி | ஜூலை 25, காலை 9:30

அனுப்புகிறேன், மொத்தம் ஏழு. ஐந்தாவதில் நடுவில் ரயில் போகும். ஆறாவதுதான் அம்மாவுடையது, அதில் கடைசி இருபது வினாடி நான் குல்லா போடாததற்குத் திட்டு. வெட்டலாம் என்று பார்த்தேன், அம்மா விடவில்லை.